வெளிநாட்டில் ஷாப்பிங்: கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் கசங்கிய பில்களைக் கத்தையாக நீட்டி, “இதுக்கெல்லாம் வரி திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்பவர்களை எல்லா நாட்டிலும் பார்க்கலாம். பெரும்பாலும் கிடைக்காது என்பதுதான் பதில். அவர்கள் தாமதமாக வந்துவிட்டார்கள் என்பதல்ல காரணம். பில் போட்டபோதே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை, அவ்வளவுதான். வரி ரீஃபண்ட் என்பதை விமான நிலைய வேலையாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதில் முக்கால் பங்கு கடையின் பில் கவுன்ட்டரிலேயே முடிந்துவிடுகிறது.

முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. பொதுவான நடைமுறையை முதலில் பார்த்துவிட்டு, நாடுகளின் விதிகளுக்குப் பிறகு வருவோம்.

எந்த வரி திரும்ப வரும்?

ஒரு நாட்டுக்குள் பயன்படுத்தப்படும் பொருளுக்குத்தான் அந்த நாட்டின் விற்பனை வரி. வாட், ஜிஎஸ்டி, நுகர்வு வரி என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும். பொருள் பெட்டியோடு நாட்டைவிட்டு வெளியேறிவிட்டால் அது ஏற்றுமதிக்குச் சமம். ஏற்றுமதிக்கு வரி இல்லை. இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். ஹோட்டல் அறை, உணவகச் சாப்பாடு, டாக்சி, சுற்றுலா டிக்கெட் ஆகியவற்றுக்கு ஏன் ரீஃபண்ட் இல்லை? அவற்றை அங்கேயே அனுபவித்துவிட்டீர்கள், பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. வாங்கிய ஷூவை அன்றே போட்டுக்கொண்டு நடந்தால் ஐரோப்பியச் சுங்க அதிகாரி ஏன் முகம் சுளிக்கிறார்? அதுவும் இதே காரணத்தால்தான்.

விமான நிலைய ‘டூட்டி ஃப்ரீ’ கடை வேறு, ஊருக்குள் கடை வாசலில் தொங்கும் ‘டாக்ஸ் ஃப்ரீ’ பலகை வேறு. முன்னதில் வரி இல்லாத விலையிலேயே விற்கிறார்கள். மது, புகையிலை, வாசனைத் திரவியம் போன்றவற்றில் சுங்க வரியும் கலால் வரியும்கூடச் சேராது. பின்னதில் பெரும்பாலான நாடுகளில் வரியோடு பணம் கட்டிவிட்டு, பிறகு வரியை மட்டும் திரும்ப வாங்க வேண்டும். டூட்டி ஃப்ரீ என்றாலே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். வரி இல்லாவிட்டாலும் அடிப்படை விலையை ஏற்றி வைத்திருப்பது உண்டு. ஊர்க்கடை விலையை ஃபோனில் குறித்து வைத்திருந்தால் அங்கே ஏமாற மாட்டீர்கள்.

நீங்கள் தகுதி உள்ளவரா?

பெரும்பாலான இடங்களில் இதற்குப் பாஸ்போர்ட்டின் நிறம் முக்கியமில்லை. நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பாரிஸில் வசிப்பிட அனுமதியோடு வேலை பார்ப்பவருக்கு அங்கே வாட் ரீஃபண்ட் கிடையாது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்தும் டொரன்டோவில் குடியிருப்பவர் விடுமுறைக்குப் பாரிஸ் வந்தால், கனடா வசிப்பிடச் சான்றைக் காட்டி ரீஃபண்ட் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பொறுத்தவரை, அதன் எந்த உறுப்பு நாட்டிலும் வசிப்பவராக இருக்கக்கூடாது. ஜெர்மனியில் படிக்கும் மாணவர் இத்தாலிக்குச் சுற்றுலா போனாலும் கணக்கில் வர மாட்டார்.

சிங்கப்பூர் இதில் இன்னும் கறார். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேட்க முடியாது. வாங்கும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களில் 365 நாட்களுக்கு மேல் அங்கே தங்கியிருந்தாலும் தகுதி போய்விடும். வயது 16 ஆகியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா நேர் எதிர்: உள்நாட்டுக்காரர்கள்கூட வெளிநாடு கிளம்பும்போது ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தப் பொருளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தால், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்டதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

கடையில் செய்ய வேண்டியவை

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது, “டாக்ஸ் ஃப்ரீ உண்டா?” என்பது. பெரும்பாலான நாடுகளில் இந்தத் திட்டத்தில் சேர்வது கடையின் விருப்பம். சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்தாலும், கடை ரீஃபண்டுக்கான படிவத்தைத் தராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் “சிஸ்டத்தில் பில் முடிந்துவிட்டது” என்று கைவிரித்துவிடுவார்கள்.

அடுத்தது குறைந்தபட்சத் தொகை. இது நாட்டுக்கு நாடு வெகுவாக வேறுபடும். பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல். இத்தாலியில் பல ஆண்டுகளாக 154.94 யூரோ என்றிருந்த வரம்பை 2024இல் 70 யூரோவுக்கு இறக்கிவிட்டார்கள். ஸ்பெயினில் 2018 முதல் வரம்பே இல்லை. ஒரு டி-ஷர்ட்டுக்குக்கூடப் படிவம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தில் 300 ஃபிராங்க்.

இந்தத் தொகையை ஒரே கடையில்தான் எட்ட வேண்டும், பல நாடுகளில் ஒரே நாளிலும்கூட. நான்கு கடைகளில் நாற்பது நாற்பதாக வாங்கினால் பயனில்லை. இங்கேதான் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் கைகொடுக்கும். ஒரே கூரையின்கீழ் பல பிராண்டுகளில் வாங்கினாலும், கடையின் ரீஃபண்ட் கவுன்ட்டரில் எல்லாவற்றையும் ஒரே கணக்காகச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும் பட்டியலை முன்கூட்டியே போட்டு, முடிந்தவரை ஒரே கடையில் ஒரே நாளில் முடிப்பது புத்திசாலித்தனம். அதற்காக, வரம்பை எட்டுவதற்கென்றே தேவையில்லாத பொருளை எடுத்துக் கூடையில் போடாதீர்கள். 12 யூரோ திரும்ப வரும் என்று 30 யூரோ அதிகம் செலவழிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பல கடைகள் ஃபோனில் உள்ள படத்தைப் பார்த்தே எழுதிக் கொடுக்கும். ஜப்பானில் அசல் இல்லாமல் வேலை நடக்காது. பாஸ்போர்ட் யாருடையதோ அவரே கவுன்ட்டரில் நிற்பது நல்லது. கணவர் பாஸ்போர்ட்டில் ஒரு பில், மனைவி பாஸ்போர்ட்டில் ஒரு பில் என்று பிரித்துப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்க்க முடியாது. குடும்பமாகப் போனால் யார் பெயரில் எல்லாவற்றையும் போடுவது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

படிவம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? பாஸ்போர்ட் எண், வசிக்கும் நாடு, முகவரி சரியா? தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்காருவது வாடிக்கை. கடை ஊழியர் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவார். எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் விமான நிலையத்தில் படிவம் செல்லாது, கடைக்குத் திரும்பிப் போய்த் திருத்த நேரமும் இருக்காது. படிவத்தோடு அசல் பில்லையும் பின் அடித்துத் தருவார்கள், இரண்டையும் பிரிக்காதீர்கள். கிரெடிட் கார்டு ஸ்லிப் பில்லுக்கு ஈடாகாது.

கையில் எவ்வளவு வரும்?

20 சதவீத வாட் உள்ள நாட்டில் 1,200 யூரோவுக்கு ஒரு பை வாங்கினால் 240 யூரோ திரும்ப வரும் என்று மனக்கணக்குப் போடுகிறோம். தவறு. ஐரோப்பாவில் விலைச்சீட்டில் இருப்பது வரியும் சேர்ந்த விலை. பொருளின் அடக்கம் 1,000, வரி 200, ஆக 1,200. அந்த 200இலும் ரீஃபண்ட் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். குளோபல் ப்ளூ, பிளானெட் போன்ற நிறுவனங்கள்தான் கடைக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்து இதைச் செய்கின்றன. பிரான்ஸில் கைக்கு வருவது பெரும்பாலும் கட்டிய விலையில் 12 சதவீத அளவுதான், அதாவது இந்தப் பைக்கு 144 யூரோ போல. சிறிய பில் என்றால் கட்டணத்தின் கடி இன்னும் அதிகம்.

வரி விகிதமும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹங்கேரி 27 சதவீதம், லக்சம்பர்க் 17, ஜெர்மனி 19, இத்தாலி 22. புத்தகம், உணவு, மருந்து போன்றவற்றுக்குப் பல நாடுகளில் சலுகை விகிதம். ஜெர்மனியில் புத்தகத்துக்கு 7 சதவீதம்தான். வரியே குறைவு என்றால் ரீஃபண்டும் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, நாலைந்து யூரோ வருவதற்காக விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மொத்தமாக ஒரு நல்ல தொகை வராதவரை அந்த நேரத்தை ஊரைச் சுற்றிப் பார்ப்பதில் செலவழிக்கலாம்.

புறப்படும் நாள்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. விமான நிலையத்துக்கு வந்ததும் வழக்கமான பழக்கத்தில் நேரே செக்-இன் கவுன்ட்டருக்குப் போய்ப் பெட்டிகளைப் போட்டுவிடுகிறோம். பிறகு சுங்க அதிகாரி, “பொருள் எங்கே? காட்டுங்கள்” என்றால் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும். பொருள் நாட்டைவிட்டுப் போகிறது என்பதற்கான சுங்க முத்திரை உங்கள் படிவத்தில் விழாது. முத்திரை இல்லாத படிவம் வெறும் காகிதம்.

ஆகவே வரிசை இதுதான்: சுங்கச் சோதனை முதலில், லக்கேஜ் பிறகு. பொருள் பெரிய பெட்டியில் போக வேண்டுமென்றால், பெட்டியோடு சுங்கக் கவுன்ட்டருக்குப் போங்கள். சில விமான நிலையங்களில் செக்-இன் கவுன்ட்டரில் போர்டிங் பாஸும் லக்கேஜ் சீட்டும் மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு, பெட்டியைச் சுங்கத்தில் காட்டி அங்கேயே ஒப்படைக்கச் சொல்வார்கள். செக்-இன் ஊழியரிடம் “டாக்ஸ் ரீஃபண்ட் இருக்கிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டால் அவரே வழி காட்டுவார். வாங்கியவற்றைப் பெட்டியின் மேல்பக்கமாக அடுக்கி வையுங்கள். விலைச்சீட்டையும் அட்டைப் பெட்டியையும் கிழித்தெறியாமல் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எல்லோருடைய பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. பிரான்ஸில் ‘பாப்லோ’ என்ற கியோஸ்க்குகள் இருக்கின்றன. படிவத்தின் பார்கோடைக் காட்டினால் பச்சைத் திரை வரும். மின்னணு முத்திரை விழுந்துவிட்டது என்று பொருள். சிவப்பு வந்தால் மட்டும் அதிகாரியிடம் போக வேண்டும். ஸ்பெயினில் இதே வேலையை ‘டிவா’ என்ற முறை செய்கிறது. கியோஸ்க் பச்சை காட்டிய பிறகும் படிவத்தைத் தூக்கி எறியாதீர்கள். பணம் கணக்கில் ஏறும்வரை படம் எடுத்தாவது வைத்திருங்கள்.

அடுத்த குழப்பம் மாற்று விமானம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கே வாங்கினாலும், ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் கடைசி இடத்தில்தான் முத்திரை. ரோமில் வாங்கி, ரோமிலிருந்து பாரிஸ் வழியாக ஊர் திரும்பினால், கைப்பையில் உள்ள பொருளுக்குப் பாரிஸில் முத்திரை. ஆனால் பெட்டியை ரோமிலேயே கடைசி ஊர்வரை செக்-இன் செய்துவிட்டால், பாரிஸில் அது உங்கள் கைக்கு வராது. எனவே அந்தப் பெட்டியில் உள்ள பொருளுக்கு ரோமிலேயே முத்திரை வாங்கிவிட வேண்டும். ரோமிலிருந்து துபாய் வழியாகவோ லண்டன் வழியாகவோ போனால் சிக்கலே இல்லை: ரோம்தான் கடைசி இடம். ஜூரிச் வழியும் அப்படித்தான். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் சுவிட்சர்லாந்து அடங்கும் என்பதால் அதையும் ஐரோப்பிய ஒன்றியம் என்று நினைத்துவிடுகிறோம். வரி விஷயத்தில் அது தனி நாடு. அயர்லாந்தோ ஷெங்கனில் இல்லை, ஆனால் ஒன்றியத்தில் இருக்கிறது. விசா எல்லை வேறு, வரி எல்லை வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு டிக்கெட்டைப் பாருங்கள்.

ரயிலிலோ பேருந்திலோ எல்லை தாண்டுபவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வண்டி எல்லையில் நிற்காமலே போய்விடலாம்; நின்றாலும் சுங்க அலுவலகம் திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

காலக்கெடுவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாதத்தின் கடைசி நாளுக்குள் பொருள் வெளியேற வேண்டும். ஜனவரி 10இல் வாங்கியது என்றால் ஏப்ரல் 30வரை. சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கு இது தாராளம்.

பணம் எந்த வழியில்?

முத்திரைக்குப் பிறகு ரொக்கமா, கார்டிலா என்று கேட்பார்கள். ரொக்கம் உடனே கைக்கு வரும் என்பது ஈர்ப்புதான். ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் பிடிப்பது உண்டு. போதாததற்கு, உங்கள் ஊர் நாணயத்தில் தருகிறோம் என்று சொல்லி மோசமான மாற்று விகிதத்தில் கழுத்தை அறுப்பார்கள். அந்த நாட்டு நாணயத்திலேயே கேளுங்கள். கார்டைத் தேர்ந்தெடுத்தால் பணம் வரச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். என்றாலும் கைக்குச் சேரும் தொகை பெரும்பாலும் கூடுதல். படிவத்தை உறையில் போட்டு, அங்கே வைத்திருக்கும் படிவப் பெட்டியில் இடச் சொன்னால், அதற்கு முன் முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். தொலைந்துபோனால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

நகருக்குள்ளேயே, முத்திரை வாங்கும் முன்பே ரொக்கம் தரும் இடங்களும் உண்டு. வசதிதான். ஆனால் உத்தரவாதமாக உங்கள் கிரெடிட் கார்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சொன்ன கெடுவுக்குள் முத்திரையிட்ட படிவம் அவர்களிடம் போய்ச் சேராவிட்டால், கொடுத்த பணத்தை அபராதத்தோடு கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். விமான நிலையத்தில் போதிய நேரம் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

ஆசியாவும் ஆஸ்திரேலியாவும்

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். வரி சேர்த்து 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் போட்ட மூன்று பில்கள்வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் விவரம் மின்னணு முறையில் பதிவாகிவிடும். சாங்கி விமான நிலையத்தில் கியோஸ்க்கில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால் வாங்கியதெல்லாம் திரையில் வரும். பெட்டியில் போக வேண்டிய பொருள் என்றால் செக்-இன் கூடத்தில் உள்ள கியோஸ்க்; கைப்பையில் என்றால் குடிநுழைவைத் தாண்டிய பிறகு உள்ள கியோஸ்க். இரண்டு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும். முக்கியமாக, பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ரீஃபண்ட் இல்லை. தரைவழிக்கு இந்தத் திட்டமே கிடையாது. தரைவழியாகக் கோலாலம்பூர் போய் அங்கிருந்து ஊர் திரும்பத் திட்டமிடுபவர்கள் நகை வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஆஸ்திரேலியாவின் முறை எனக்குப் பிடித்தமானது. நடுவில் தனியார் நிறுவனம் இல்லை, சுங்கத்தைக் கவனிக்கும் அரசின் எல்லைப் படையே நடத்துகிறது, சேவைக் கட்டணம் கழிவதில்லை. வியாபார எண் ஒன்றாக உள்ள ஒரே கடைக்காரரிடம் மொத்தம் 300 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் போதும். பல பில்களாகவும் இருக்கலாம், பல நாட்களிலும் இருக்கலாம். புறப்படுவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும். வரி 10 சதவீதம் என்பதால் விலையில் 11இல் ஒரு பங்கு திரும்பும்: 1,100 டாலருக்கு 100 டாலர். கடையில் தனிப் படிவம் வேண்டாம், முறையான வரி பில் போதும். பில் 1,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும். பொருளை அணிந்தோ கையில் எடுத்துக்கொண்டோ விமானம் ஏற வேண்டும். அணிந்துகொள்ளலாம் என்பதைக் கவனியுங்கள், ஐரோப்பாவின் பிடிவாதம் இங்கே இல்லை. கைப்பையில் கொண்டுபோகக் கூடாத திரவங்களைச் செக்-இன்னுக்கு முன்பே அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். விமானம் கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போதே கவுன்ட்டர் உங்களுக்கு மூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு 8. வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினால், கடையிலேயே வரியைக் கழித்துவிடும் வழக்கம் நீண்ட காலமாக இருந்தது. சாப்பிடும் பொருள், அழகுசாதனம் போன்றவற்றை ஒட்டிய பையில் போட்டுத் தருவார்கள். நாட்டைவிட்டுப் போகும்வரை பிரிக்கக்கூடாது. அப்படி வாங்கியதை உள்ளூரிலேயே மறுவிற்பனை செய்து பலர் ஆதாயம் பார்த்ததால் முறை மாறுகிறது. 2026 நவம்பர் 1 முதல், வரியோடு முழு விலையைக் கட்டிவிட்டு, வாங்கிய 90 நாளுக்குள் புறப்பட்டு, சுங்கத்தில் உறுதிசெய்த பிறகே பணம் திரும்பும். ஒட்டிய பை அத்தோடு ஒழிகிறது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் வரி 7 சதவீதம். ஒரு கடையில் ஒரு நாளில் 2,000 பாட் குறைந்தபட்சம். கடையில் அதற்கான மஞ்சள் படிவத்தைக் கேட்டு வாங்கி, 60 நாளுக்குள் சர்வதேச விமான நிலையம் வழியாகக் கிளம்ப வேண்டும். தென் கொரியாவில் 15,000 வோன் போதும், பல கடைகளில் பாஸ்போர்ட்டைக் காட்டியதுமே வரியைக் கழித்துவிடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 5 சதவீதம். 250 திர்ஹம் குறைந்தபட்சம், 90 நாள் கெடு, வரியில் ஒரு பகுதி கட்டணமாகப் போகும்.

திரும்பத் தராத நாடுகள்

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே நாடு முழுவதற்குமான விற்பனை வரி என்று ஒன்று இல்லை. மாநிலமும் நகரமும் விதிப்பவைதான். எனவே விமான நிலையச் சுங்கத்தில் கேட்டுப் பயனில்லை, அவர்கள் வசூலிக்காத வரியை அவர்களால் தர முடியாது. டெக்ஸாஸில் மட்டும், சில கடைகளில் வாங்கியவற்றுக்கு வரியைத் திருப்பித் தரும் தனியார் ஏற்பாடு உண்டு. மற்ற இடங்களில் வரி கட்டிய பின் திரும்பக் கேட்பதைவிட, வரியே விழாத இடத்தில் வாங்குவதுதான் வழி. ஓரிகன், மொன்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் பொது விற்பனை வரி இல்லை. நியூயார்க் நகரில் வரி 8.875 சதவீதம், ஆனால் உருப்படி ஒன்று 110 டாலருக்குக் குறைவாக உள்ள துணிமணிக்கும் காலணிக்கும் வரி கிடையாது. பக்கத்து மாநிலங்களான நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் சாதாரண ஆடைகளுக்கு வரியே இல்லை. இன்னொன்று: அங்கே விலைச்சீட்டில் வரி சேராது, பில் போடும்போதுதான் ஏறும்.

பிரிட்டனில் 2020 டிசம்பர் 31ஓடு பயணிகளுக்கான வாட் ரீஃபண்டை நிறுத்திவிட்டார்கள். 2022 செப்டம்பரில் மறுபடி கொண்டுவருவதாக அறிவித்து, அடுத்த மாதமே அதைக் கைவிட்டதும் நடந்தது. வட அயர்லாந்தில் மட்டும் திட்டம் தொடர்கிறது. லண்டனில் விலையுயர்ந்த பொருள் வாங்குபவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, கடையே நேரடியாக உங்கள் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பிவைப்பது. அப்போது 20 சதவீத வாட் விழாது. அனுப்பும் செலவும், உங்கள் நாட்டு இறக்குமதி வரியும் அந்த 20 சதவீதத்தை விழுங்கிவிடுமா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். இந்த ‘கடையே அனுப்புவது’ என்ற வழி, ரீஃபண்ட் திட்டம் இல்லாத வேறு பல நாடுகளிலும் செல்லும்.

கனடா 2007இலேயே தனிப்பட்ட பயணிகளுக்கான திட்டத்தை மூடிவிட்டது. டொரன்டோவில் 13 சதவீதம் கட்டினால் கட்டியதுதான். மலேசியாவில் ஜிஎஸ்டி இருந்த காலத்தில் ரீஃபண்ட் இருந்தது, 2018இல் அந்த வரியோடு அதுவும் போயிற்று. இந்தியாவில் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு வெளிநாட்டுப் பயணிக்கு ரீஃபண்ட் உண்டு என்று சொல்கிறது. சட்டம் 2017இல் வந்தும் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரவில்லை. பட்டும் நகையும் வாங்க வரும் புலம்பெயர்ந்த உறவினர்களிடம் “ஏர்போர்ட்டில் கொடுத்துவிடுவார்கள்” என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஹாங்காங்கில் பொது விற்பனை வரியே கிடையாது, எனவே கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

முத்திரை வாங்காமல் ஊர் வந்துவிட்டால்

முழுக்க முடிந்துபோன கதை அல்ல, ஆனால் கஷ்டம். ஜெர்மனியில் வாங்கிய பொருள் என்றால், உங்கள் நாட்டில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் பொருளையும் படிவத்தையும் காட்டி, கட்டணம் செலுத்திச் சான்று வாங்க வழி இருக்கிறது. எல்லா நாடுகளும் இதைச் செய்வதில்லை. கட்டணம், பயணச் செலவு எல்லாம் போக மிச்சம் ஏதாவது நிற்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஊர் சுங்கம்

அங்கே வரி திரும்பக் கிடைத்ததால் இங்கே வரி இல்லை என்று ஆகாது. நாட்டைவிட்டு வெளியேறும்போது அந்தப் பொருள் ஏற்றுமதி. சொந்த நாட்டில் இறங்கும்போது அது இறக்குமதி. பயணிகளுக்கு அனுமதித்த வரம்பைத் தாண்டினால் சுங்க வரி உண்டு. தங்கம், விலையுயர்ந்த கைக்கடிகாரம், மின்னணுப் பொருட்கள் வாங்கியவர்கள் விமானம் ஏறும் முன்பே இந்த வரம்பைப் பார்த்துவிடுங்கள். சில நேரம் அங்கே திரும்பிய 12 சதவீதத்தைவிட இங்கே கட்டுவது அதிகமாக இருக்கும். வரம்பைத் தாண்டியிருந்தால், சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட வேண்டும். அப்போது விலையை நிரூபிக்க பில் கேட்பார்கள்; அசல் பில்லை ரீஃபண்ட் படிவத்தோடு உறையில் போட்டு அனுப்பிவிட்டவர்களுக்கு, அதற்கு முன் எடுத்து வைத்த நகல் அங்கே உதவும்.